பிளீடர் பரீட்சையிலிருந்து கிளாட் வரை

சென்ற தைப்பொங்கலுக்கு மாயவரத்திலிருந்து என் தகப்பனார் பெங்களூருக்கு வந்து ஒரு மாதம் எங்களோடு தங்கியிருந்தார். முப்பத்தைந்து ஆண்டுக் காலம் வக்கீல் குமாஸ்தாவாக வேலை பார்த்தவர். விடியற்காலை ஐந்து மணிக்கு எழும் பழக்கத்தை இன்னும் விடவில்லை. அவர் எழுந்து கூடத்துக்கு வந்தால், பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அவருக்கு முன்பே எழுந்து, சாப்பாட்டு மேஜையில் ஆங்கில நாளிதழை விரித்துவைத்துத் தலையங்கத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருப்பாள்.

"என்னம்மா இது, பேப்பர்ல போயி கோடு போடுற?"

"கிளாட் பரீட்சைக்குத் தாத்தா. லா காலேஜ் என்ட்ரன்ஸ்."

"வக்கீலுக்குப் படிக்கவா? அதுக்கு ப்ளஸ் டூ மார்க்கு போதுமே." என் பக்கம் திரும்பினார். "ஏன்டா, நம்ம ஊர்ல மார்க்கப் பாத்துதானே சீட்டு குடுக்கறாங்க? இதுக்குத் தனியா ஒரு பரீட்சையா?"

அப்பா சொன்னதில் தவறில்லை. தமிழ்நாட்டில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு மேல்நிலைத் தேர்வின் மதிப்பெண்தான் அளவுகோல். பொறியியல், மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு மாநிலம் நடத்தி வந்த பொது நுழைவுத் தேர்வையும் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் மூலம் தமிழக அரசு நீக்கிவிட்டது. ஊரில் இருப்பவர்களுக்கு நுழைவுத் தேர்வு என்றாலே ஒரு கசப்பு. வெளிமாநிலத்தில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கோ தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் என்றால் வேறு வழியில்லை. தேர்வு எழுதித்தான் ஆகவேண்டும்.

அப்பாவுக்கு அன்றைக்கு நான் சொன்ன பதில் அரைகுறையானது. அவர் ஊர் திரும்பிய பிறகு கொஞ்சம் படித்துப் பார்த்ததில், சட்டத் தொழிலின் வாசலில் ஒரு பரீட்சையை வைப்பது புதிய வழக்கமே இல்லை என்று தெரிந்தது. அந்த வாசலில் முதலில் நின்றவர்களில் நம் தஞ்சை மாவட்டத்துக்காரர்களும் உண்டு. அந்த வரலாற்றை நம் சங்கத்துக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிராமக் கணக்கிலிருந்து ஹைகோர்ட்டு வரை

கும்பினி ஆட்சியில் நீதிமன்றங்களில் வாதாடுவோரை ஒழுங்குபடுத்தும் முதல் சட்டம் 1793-இல் வங்காளத்தில் வந்தது. சென்னை மாகாணத்தில் 1802-இல் அதே போன்ற ஒழுங்குமுறைகள் வந்தன. அந்நாளில் பிளீடர் வேலை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. எந்த இனத்தவரும் எந்த மதத்தவரும் தகுதி இருந்தால் பிளீடர் ஆகலாம் என்று கதவைத் திறந்துவிட்டது 1846-ஆம் ஆண்டின் சட்டம். தகுதி என்ற சொல் வந்ததும் அதைச் சோதிக்கப் பரீட்சை வந்தது.

அந்தப் பரீட்சையால் மேலே வந்தவர்களில் தலையானவர் திருவாரூர் முத்துசாமி ஐயர். 1832-இல் தஞ்சைக்கு அருகில் உச்சுவாடியில் பிறந்தவர். வறுமை காரணமாகச் சிறு வயதிலேயே கிராமக் கணக்கருக்கு உதவியாளாக மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். பின்னர் சென்னை சென்று படித்து, 1850களில் பிளீடர் பரீட்சையில் தேறி, முன்சீப்பாகிப் படிப்படியாக உயர்ந்தார். பதவியில் இருந்துகொண்டே படித்து பி.எல். பட்டமும் பெற்றார். 1870களின் இறுதியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார்.

இந்த நியமனத்தை அன்றைய ஆங்கிலேயப் பத்திரிகைகள் பொறுத்துக்கொள்ளவில்லை. உள்ளூர்க்காரர் ஒருவர் அந்த நாற்காலிக்குத் தகுதியுடையவரா என்று எழுதின. அதற்குப் பதில் சொல்ல நம்மவர்களிடம் சொந்தமாக ஓர் ஆங்கிலப் பத்திரிகை இல்லை. ஆறு இளைஞர்கள் சேர்ந்து ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி 80 பிரதிகள் அச்சடித்தார்கள். 1878 செப்டம்பர் 20 அன்று வெளிவந்த அந்தப் பத்திரிகைதான் 'தி இந்து'. அந்த ஆறு பேரில் இருவர் ஆசிரியர்கள். நால்வர் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள்.

இன்று கிளாட் எழுதும் பிள்ளைகளில் பலர் விடியற்காலையில் கையில் எடுப்பது இதே பத்திரிகையைத்தான். பரீட்சை எழுதி மேலே வந்த ஒருவருக்காகச் சட்ட மாணவர்கள் தொடங்கிய பத்திரிகை அது என்று சொன்னபோது என் மகள் நம்பவில்லை. "நெஜமாவா அப்பா?" என்று கேட்டுவிட்டுப் போய்ச் சரிபார்த்தாள். சரிபார்க்கும் அந்தப் பழக்கமும் வக்கீலுக்கு வேண்டியதுதானே!

பரீட்சை ஒன்று, மொழி வேறொன்று

இதே காலத்தில் வாழ்ந்த இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826–1889). தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை எழுதியவர் என்றே அவரை நாம் அறிவோம். ஆனால் அதற்கு முன்பே அவர் ஒரு பெரிய வேலை செய்திருந்தார். 1805 முதல் 1861 வரை சதர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகளைத் தமிழில் தந்து 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் வெளியிட்டார். சட்டம் தெரிய வேண்டுமானால் ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிலை அவருக்கு உறுத்தலாக இருந்திருக்கிறது. வழக்காடுபவனுக்குப் புரியாத மொழியில் வக்கீல்கள் வாதாடுவதைத் தம் நாவலிலும் கிண்டல் செய்திருக்கிறார்.

முத்துசாமி ஐயர் ஆங்கிலத்தைக் கற்று அந்த வாசலைக் கடந்தார். வேதநாயகம் பிள்ளை வாசலுக்கு உள்ளே இருந்ததைத் தமிழில் வெளியே கொண்டுவந்தார். பரீட்சையை எழுத ஒரு மொழி, கட்சிக்காரனோடு பேச ஒரு மொழி என்ற இந்தப் பிரிவினை நம் வக்கீல்களை இன்றும் விடவில்லை.

தேறினாலும் திறக்காத கதவு

பரீட்சையில் தேறினால் மட்டும் எல்லோருக்கும் கதவு திறந்ததா என்றால் இல்லை. பெண்களுக்குத் திறக்கவில்லை. கார்னீலியா சொராப்ஜி 1892-இல் ஆக்ஸ்போர்டில் சட்டத் தேர்வு எழுதினார். பின்னர் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டத் தேர்விலும் அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் பிளீடர் பரீட்சையிலும் தேறினார். இருந்தும் வக்கீலாகப் பதிவு செய்துகொள்ள 1921 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1916-இல் ரெஜினா குஹா என்ற பட்டதாரி கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் விண்ணப்பித்தபோது, சட்டத்தில் உள்ள 'நபர்' என்ற சொல் பெண்ணைக் குறிக்காது என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். 1923-இல் தனிச் சட்டம் இயற்றித்தான் இந்தத் தடையை நீக்கினார்கள். நம் வீட்டுப் பெண் குழந்தைகள் இன்று விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போது நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு சொல்லுக்கு நடந்த இந்தச் சண்டையை அறிந்திருப்பது நல்லது.

நாகரபாவியில் தொடங்கியது

சுதந்திரத்துக்குப் பிறகு 1961-இல் வழக்கறிஞர் சட்டம் வந்தது. பாரிஸ்டர், வக்கீல், பிளீடர் என்ற பழைய படிநிலைகள் போய் எல்லோரும் அட்வகேட் ஆனார்கள். ஆனால் சட்டப் படிப்பின் மதிப்பு பல ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்தது. பட்டப் படிப்பு முடித்து, வேறு வேலை கிடைக்காதவர்கள் மாலை நேர வகுப்பில் சேரும் படிப்பு என்ற பெயர் வந்துவிட்டது. "ஒண்ணுக்கும் ஆகலேன்னா லா படி" என்று எங்கள் தெருவிலேயே சொல்வார்கள்.

இதை மாற்ற முன்வந்தவர்களில் முக்கியமானவர் திருவனந்தபுரத்துக்காரரான பேராசிரியர் என்.ஆர். மாதவ மேனன் (1935–2019). பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நேராகச் சேரும் ஐந்தாண்டுப் படிப்பு, நாடு முழுவதிலிருந்தும் தேர்ந்தெடுத்த மாணவர்கள், முழுநேர ஆசிரியர்கள் என்ற திட்டத்தோடு பெங்களூரில் இந்திய தேசியச் சட்டப் பள்ளி உருவாயிற்று. கர்நாடக சட்டமன்றம் 1986-இல் அதற்கான சட்டத்தை இயற்றியது. முதல் மாணவர்கள் 1988-இல் சேர்ந்தார்கள். தொடக்கத்தில் சென்ட்ரல் கல்லூரி வளாகத்தில் இயங்கிப் பின்னர் நாகரபாவிக்குக் குடிபெயர்ந்தது. அந்நாளில் நாகரபாவி ஊருக்கு வெளியே இருந்தது என்று இங்குள்ள பெரியவர்கள் நினைவுகூர்வார்கள்.

பெங்களூரைப் பார்த்து 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் ஹைதராபாத், போபால், கொல்கத்தா, ஜோத்பூர், ராய்ப்பூர், காந்திநகர் என்று வரிசையாகச் சட்டப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. ஒவ்வொன்றும் தனித்தனியே நுழைவுத் தேர்வு நடத்தியது. தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கட்டணம். தேதிகள் மோதினால் ஏதாவது ஒன்றை விட்டுவிட வேண்டியதுதான். வசதியுள்ள குடும்பம் ஏழு தேர்வுக்கும் பிள்ளையை அனுப்பும். இல்லாத குடும்பம் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளும்.

இந்த நிலையை எதிர்த்து 2006-இல் உச்சநீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு தொடரப்பட்டது. அதன் விளைவாக 2007 நவம்பரில் ஏழு பல்கலைக்கழகங்களும் ஒரே தேர்வுக்கு உடன்பட்டன. முதல் பொதுச் சட்ட நுழைவுத் தேர்வு, அதாவது கிளாட், 2008 மே 11 அன்று நடந்தது. நடத்தியது பெங்களூர்ச் சட்டப் பள்ளி. டெல்லியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை ஐலெட் என்ற தனித் தேர்வை நடத்தி வருகிறது.

தேர்வே நீதிமன்றம் ஏறிய கதை

சட்டக் கல்லூரிக்கான தேர்வு அல்லவா! அதுவே பலமுறை கோர்ட்டு வாசலை மிதித்திருக்கிறது. ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் என்று முறைவைத்துத் தேர்வை நடத்தியதால் ஒவ்வோர் ஆண்டும் புதியவர்கள் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 2015-இல் தேர்வு கணினிக்கு மாறியது. 2018-இல் பல மையங்களில் கணினிகள் நின்று போய் மாணவர்கள் நேரத்தை இழந்தார்கள். வழக்கு உச்சநீதிமன்றம் போய், இழந்த நேரத்துக்கு ஈடாக மதிப்பெண் கணக்கிட்டுத் தரும்படி ஆயிற்று. 2017-இல் உருவான தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு அதன் பிறகு தேர்வைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 2019-இல் மீண்டும் காகிதமும் பேனாவும்.

கொரோனா ஆண்டான 2020-இல் கிளாட் தள்ளிக்கொண்டே போனபோது பெங்களூர்ச் சட்டப் பள்ளி பொறுக்காமல், வீட்டிலிருந்தே கணினியில் எழுதும் தனித் தேர்வு ஒன்றைச் சில நாள் முன்னறிவிப்பில் நடத்தியது. வீட்டில் நல்ல கணினியும் இணைய இணைப்பும் இல்லாத பிள்ளை என்ன செய்யும் என்ற கேள்வி எழுந்தது. செப்டம்பர் 21 அன்று உச்சநீதிமன்றம் அந்தத் தேர்வைச் செல்லாது என்று அறிவித்தது. ஒரு வாரத்தில், செப்டம்பர் 28 அன்று, கிளாட் நடந்தது. 2024 டிசம்பரில் நடந்த தேர்வின் விடைக்குறிப்புகளில் இருந்த தவறுகளுக்காகவும் மாணவர்கள் டெல்லி உயர்நீதிமன்றத்துக்கும் உச்சநீதிமன்றத்துக்கும் போனார்கள்.

இந்த வழக்குகளைப் படிக்கும்போது ஒன்று தெரிகிறது. யார் யாருக்கு வாசல் திறக்கிறது என்ற கேள்வி 1846-இல் தீர்ந்துவிடவில்லை. பதினேழு வயதுப் பிள்ளைகள் அதை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இன்றைய தேர்வு கேட்பது என்ன?

தொடக்க ஆண்டுகளில் கிளாட்டில் 200 கேள்விகள், இரண்டு மணி நேரம். பொது அறிவுக் கேள்விகளுக்கு மனப்பாடம் கைகொடுக்கும். 2020-இல் முறை அடியோடு மாறிற்று. ஏறக்குறைய 450 சொற்கள் வரை நீளும் பத்திகளைக் கொடுத்து, அதைப் படித்துப் பதில் சொல்லச் சொன்னார்கள். கேள்விகள் 150 ஆயின. 2023 டிசம்பர்த் தேர்விலிருந்து 120. நேரம் அதே இரண்டு மணி. ஆங்கிலம், நடப்புச் செய்தி, சட்டத் தர்க்கம், பொதுத் தர்க்கம், கணக்கு என்று ஐந்து பகுதிகள். தவறான ஒவ்வொரு பதிலுக்கும் கால் மதிப்பெண் போய்விடும்.

சட்டத் தர்க்கம் என்றால் சட்டம் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை. பத்தியிலேயே சட்டக் கொள்கையைச் சொல்லிவிடுவார்கள். ஒரு கதையைக் கொடுத்து, இந்தக் கொள்கைப்படி யார் பொறுப்பு என்று கேட்பார்கள். கதையில் இல்லாததை நாமாகச் சேர்க்கக் கூடாது. நம் மனசாட்சி சொல்வதையும் அங்கே எழுதக் கூடாது.

அப்பா இருந்த நாட்களில் ஒரு மாலை. மகள் பயிற்சிக் கேள்வி ஒன்றில் மாட்டிக்கொண்டு, தாத்தாவிடம் தமிழில் விளக்கினாள்.

"தாத்தா, ஒருத்தர் தன் நெலத்துல பெரிய தொட்டி கட்டி தண்ணி தேக்கி வெக்கிறார். அவர் மேல கவனக்குறைவு ஒண்ணும் இல்ல. ஆனா தண்ணி ஒடச்சிக்கிட்டு பக்கத்து வயல நாசம் பண்ணிடுது. நஷ்டம் யார் குடுக்கணும்?"

"தேக்கி வச்சவன்தான். பின்ன யாரு?"

"கரெக்ட். 1868-ல இங்கிலாந்துல சொன்ன தீர்ப்பு இது. ரைலண்ட்ஸ் கேஸ்."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆனா ஏரி ஒடஞ்சா அப்படிச் சொல்ல முடியாதும்மா. ஏரி யாரு ஒருத்தரோட சௌகரியத்துக்கும் கட்டினது இல்ல. ஊருக்காகக் காப்பாத்தறது. தொட்டியும் ஏரியும் ஒண்ணா?"

மகள் திகைத்துப் போனாள். ஏனென்றால் அவள் புத்தகத்தில் அடுத்த பத்தியே அதுதான். அன்றைய வடஆற்காடு மாவட்டத்தில் கார்வேட்டிநகர் ஜமீனில் ஏரிகள் உடைந்து வெள்ளம் மெட்ராஸ் ரயில்வேயின் பாதையைச் சேதப்படுத்தியது. ஜமீன்தார் நஷ்டஈடு தர வேண்டும் என்று ரயில்வே கம்பெனி வழக்குப் போட்டது. 1874-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. இந்நாட்டில் ஏரிகள் மக்கள் வாழ்வுக்கே ஆதாரம். அவற்றைப் பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை. கவனக்குறைவு இல்லாதபோது ரைலண்ட்ஸ் கொள்கை இங்கே பொருந்தாது என்பதே தீர்ப்பின் சாரம். பிற்காலத்தில் டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் உச்சநீதிமன்றம் எதிர்த் திசையில் போய், அபாயகரமான தொழில் நடத்துபவருக்கு எந்த விதிவிலக்கும் கிடையாது என்று 1986 டிசம்பரில் தீர்ப்பளித்தது. சட்டம் இப்படித்தான் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப நகர்கிறது. தேர்வும் இந்த நகர்வைப் புரிந்துகொள்ளும் புத்தியைத்தான் தேடுகிறது.

எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. பிரிவி கவுன்சில் பிரபுக்கள் பக்கம் பக்கமாக எழுதிய நியாயத்தை அப்பா இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஆனால் அந்தத் தேர்வை அவரால் எழுத முடியாது. ஏனென்றால் கிளாட் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. மாநில மொழிகளிலும் நடத்த வேண்டும் என்று 2023-இல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கே போடப்பட்டது. மாயவரத்திலோ சீர்காழியிலோ தமிழ்வழியில் படிக்கும் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை சட்டத் தர்க்கத்தில் தோற்பதில்லை. அந்த 450 சொற்களிலேயே தோற்றுவிடுகிறது. பேராசிரியர் ஷம்னாத் பஷீர் (மறைவு 2019) 2010-இல் தொடங்கிய 'இடியா' என்ற அமைப்பு, இப்படி வாசலுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகளைத் தேடிப் பயிற்சி கொடுத்து உள்ளே அனுப்பும் பணியைச் செய்து வருகிறது. நல்ல முயற்சி. ஆனால் ஓர் அமைப்பால் எத்தனை பேரைத் தூக்கிவிட முடியும்?

வெளிமாநிலத் தமிழர் கவனிக்க வேண்டியவை

நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் தடையில்லை. தடை வேறு இடத்தில் இருக்கிறது. 'எந்த ஊர்?' என்ற கேள்வியில்.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் பெயரில் தேசியம் என்றாலும், மாநிலச் சட்டங்களால் உருவானவை. பலவற்றில் அந்தந்த மாநில மாணவர்களுக்கென இடங்கள் உண்டு. நம் திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இடங்கள் உண்டு. தாய்மொழி தமிழ் என்பதால் மட்டும் நம் பிள்ளைக்கு அது கிடைத்துவிடாது. பெங்களூர்ச் சட்டப் பள்ளியில் கர்நாடக மாணவர்களுக்கு 25 விழுக்காடு ஒதுக்கி 2020-இல் மாநில அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தத்தை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. பின்னர் 2021-இல் சட்டப் பள்ளியே தன் முடிவாக அத்தகைய ஒதுக்கீட்டைக் கொண்டுவந்தது. அதில் கர்நாடக மாணவர் என்றால் இந்த மாநிலத்துக் கல்வி நிறுவனங்களில் பத்து ஆண்டுகளுக்குக் குறையாமல் படித்தவர். தாய்மொழி எது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் இதைத் தெரியாமலே விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை விட்டுவிடக் கூடாது. ஒன்றாம் வகுப்பு முதல் படித்த பள்ளிகளின் படிப்புச் சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருங்கள். பள்ளி மாறும்போதே வாங்கிவிடுவது நல்லது. பத்து வருடம் கழித்துப் போய்க் கேட்டால் அலையத்தான் வேண்டியிருக்கும்.

சாதிச் சான்றிதழ் விஷயம் இன்னும் சிக்கலானது. ஆந்திராவில் பழங்குடி வகுப்பைச் சேர்ந்த ஒரு மாணவர், தகப்பனாரின் வேலை காரணமாகச் சிறு வயதிலேயே பம்பாய்க்கு வந்து அங்கேயே படித்தவர். மருத்துவக் கல்லூரியில் அந்த வகுப்புக்குரிய இடம் கேட்டார். ஒரு மாநிலத்தில் பட்டியலில் இருப்பவர் குடிபெயர்ந்து போன மாநிலத்திலும் அந்த உரிமையைத் தானாகவே கோர முடியாது என்று 1990-இல் உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களைத் தொடும் தீர்ப்பு இது. அகில இந்திய இடங்களில் நிலைமை வேறு. மாநில இடங்களில் வேறு. ஆகவே ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அந்தந்த ஆண்டு வெளியிடும் சேர்க்கை விதிகளை முழுவதும் படித்துவிட்டுத்தான் விருப்ப வரிசையை நிரப்ப வேண்டும். "போன வருஷம் அவங்க பையனுக்குக் கெடச்சுதே" என்பது ஆதாரம் ஆகாது.

செலவையும் சொல்லிவிடுகிறேன். 2025 டிசம்பர்த் தேர்வுக்கு விண்ணப்பக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 4,000 ரூபாய். அதன் மேல் பயிற்சி நிலையத்துக்குக் கொடுப்பது அவரவர் வசதி. நாங்கள் விசாரித்த ஒரு நிலையத்தில் கேட்ட தொகையைச் சொன்னதும் அப்பா, "இந்தப் பணத்துக்கு அந்த நாள்ல வக்கீல் ஆபீசையே வாங்கிருக்கலாம்டா" என்றார். பயிற்சி நிலையம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மாதிரித் தேர்வுகளை நேரம் வைத்து எழுதிப் பழக அது உதவும். ஆனால் இன்றைய தேர்வின் உயிர் வாசிப்பில் இருக்கிறது. அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

நம் சங்கம் செய்யக்கூடியது

அப்பா ஊர் திரும்பும் வரை எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் நடந்தது. காலையில் மகள் ஒரு தலையங்கத்தைப் படிப்பாள். மாலையில் அதைத் தாத்தாவுக்குத் தமிழில் சொல்வாள். அவர் குறுக்குக் கேள்வி கேட்பார். முதல் வாரம் அவளுக்குச் சொல்ல வரவில்லை. ஆங்கிலத்தில் புரிந்ததாக நினைத்த பல விஷயங்கள் தமிழில் சொல்லும்போது புரியவே இல்லை என்று தெரிந்தது. "அப்படின்னா என்னம்மா அர்த்தம்?" என்று தாத்தா கேட்ட இடங்களிலெல்லாம் மறுபடி படித்தாள். இரண்டாம் மாதம் மாதிரித் தேர்வில் சட்டத் தர்க்கப் பகுதியில் அவளுடைய மதிப்பெண் ஏறத் தொடங்கிற்று. வேதநாயகம் பிள்ளை செய்ததும் இதுதானே: ஆங்கிலத் தீர்ப்பைத் தமிழில் சொல்லிப் பார்ப்பது.

நம் சங்கத்தில் ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்கள் இருக்கிறார்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் பூட்டியே கிடக்கும் ஒரு நூலக அறையும் இருக்கிறது. பதினொன்று, பன்னிரண்டு படிக்கும் பிள்ளைகளை வாரம் ஒருமுறை அங்கே கூட்டி, ஒரு செய்தியையோ தீர்ப்பையோ ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் பேசவைக்கலாம். கட்டணம் வேண்டாம். சங்கத்துக்கு வெளியே இருந்து, நம் பேட்டைகளில் தமிழ்வழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆங்கிலம் தெரிந்த பிள்ளைக்குத் தமிழும், தமிழ் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலமும் ஒரே மேஜையில் கிடைக்கும்.

செயற்குழு இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு என் மகள் வரத் தயார். அடுத்த முறை மாயவரத்திலிருந்து வரும்போது அப்பாவும் வருவார். குறுக்கு விசாரணை செய்ய ஆள் வேண்டுமே!